மேசை மேல் மாடி வீடு

நான் செய்வதைப் பொம்மை வீடு என்று சொல்லும் ஆட்களோடு முன்பெல்லாம் மல்லுக்கு நிற்பேன். இப்போது நிற்பதில்லை. இது பொம்மை வீடு அல்ல, மேசையில் ஆடும் போர் விளையாட்டுக்கான கட்டடம் என்று ஒரு தடவை சொல்வேன். இரண்டாவது தடவையும் பொம்மை வீடு என்றால் எழும்பிப் போய்விடுவேன்.

கிட் என்று வருவது ஒரு தட்டையான பெட்டி. உள்ளே சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள். சுவர், ஜன்னல், கதவு, படிக்கட்டு எல்லாம் துண்டு துண்டாக அந்தச் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டியெடுத்து, வெட்டிய இடத்தை அரத்தால் தேய்த்து, பசை வைத்துப் பொருத்த வேண்டும். மூலை சரியாக வராவிட்டால் மேல்தட்டு உட்காராது. பசை இறுகும் வரை விரலால் பிடித்துக்கொண்டிருக்கப் பொறுமை வேண்டும். மனிதரிடம் எனக்கு இல்லாத பொறுமை பிளாஸ்டிக்கிடம் இருக்கிறது. சுவர்கள் நின்ற பிறகு நிலம் போடுவேன். அதற்குக் கடற்கரை மண். மூன்று தண்ணீரில் கழுவித்தான் ஒட்டுவேன், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் உப்புப் பூத்துவிடும். உண்மையான வீட்டுக்கும் அதே சட்டம்தான். வீடு கட்டும் எத்தனையோ மேசன்மாருக்குச் சொல்லியிருக்கிறேன், கேட்டால்தானே. முற்றத்துச் சருகுக்கு உம்மா தேத்தண்ணீர் வடித்து மிஞ்சும் தேயிலைச் சக்கையைக் காயவைத்து எடுப்பேன். அதைவிட நல்ல சருகு எந்தப் பெட்டியிலும் வந்ததில்லை.

சண்டை பார்த்த ஊரில் சண்டை விளையாட்டா என்று கேட்பார்கள். கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனதால்தான் நீ வீடு வீடாகக் கட்டுகிறாய் என்று நான் வேலை செய்யும் கந்தோரில் ஒருவர் எனக்கே எடுத்துச் சொன்னார். கடல் வந்தது உண்மை, எனக்கு அப்போது பத்து வயது, எங்கள் வீட்டின் முன்பக்கம் போனதும் உண்மை. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. துண்டோடு துண்டு பொருந்தும்போது ஒரு சத்தம் வரும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். ஆண்கள் கரம் போர்டு அடித்தால், கிரிக்கெட் ஆடினால் யாரும் காரணம் கேட்பதில்லை. பெண் ஒருத்தி மேசையில் குனிந்தால் மட்டும் ஊருக்கு ஒரு துக்கக் கதை தேவைப்படுகிறது.

இந்தப் பைத்தியத்தை எனக்குத் தொற்ற வைத்தவள் பாண்டிருப்பைச் சேர்ந்த என் சினேகிதி. கல்முனையில் நான் வீட்டுப் படம் வரையும் அதே கந்தோரில்தான் அவளும் வேலை செய்கிறாள். அவளுடைய தம்பி வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற பெட்டியில் விரல் கணு உயரமான படைவீரர்களும் ஒரு விதிப் புத்தகமும் இருந்தன. நாங்கள் இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் படித்து, ஒரு மழைக்காலம் முழுக்கத் தப்புத் தப்பாக ஆடி, பிறகு சரியாக ஆடப் பழகினோம். சனிக்கிழமை பகல் எங்களுக்குப் போர். பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னால் போர் நிறுத்தம். அது அவள் வைத்த விதி.

படைவீரர்களை மட்டும் உம்மா எங்கள் வீட்டுக்குள் எடுக்கவில்லை. "உருவம் வச்ச வீட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க மகள். வீடு எண்டா வச்சிக்க. ஆக்கள் வேணா" என்றார். மலக்குமார் என்றால் வானவர்கள். நான் எதற்கும் வாதாடுகிறவள், இதற்கு வாதாடவில்லை. நான் கேட்டதில் பாதியை உம்மா விட்டுத்தந்திருந்தார், மீதியை நான் விட்டுக்கொடுத்தேன். அப்படித்தான் எங்கள் ஏற்பாடு அமைந்தது. படை பாண்டிருப்பில் இருக்கும், ஊர் எங்கள் வீட்டில் இருக்கும். சனிக்கிழமை காலையில் நான் கட்டடங்களை ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். என் வீட்டு மேசையில் மற்ற நாட்களில் நிற்பவை ஆளில்லாத வீடுகள் மட்டும்தான். இதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். எங்கள் கரையில் இரண்டும் ஒரே வேலை. பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். எனக்கு மூத்தவளான ராத்தாவுக்கு வாப்பா நாங்கள் இருந்த வீட்டையே எழுதிக்கொடுத்தார். வாப்பா, உம்மா, நான் மூன்று பேரும் எனக்கென்று இருந்த வளவுக்கு வந்து, பின்னால் தகரம் போட்ட இரண்டு அறையில் குடியேறினோம். முன்னால் எனக்கான வீட்டுக்கு எட்டுத் தூண்கள் எழும்பின. அதோடு நின்றுவிட்டன. தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடித்ததைப் பார்த்தே என் வயதை ஊர் கணக்குப் போட்டது. முப்பது தாண்டிவிட்டது.

வீட்டு உறுதிப் பத்திரத்தில் பெண்ணின் பெயர்தான் இருக்கும். அதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் என் பெயரில் எழுதும் வீட்டுக்கு எத்தனை அறை, நிலத்துக்கு மாபிளா சீமெந்தா, கூரை ஓடா கொங்கிரீட்டா என்று மாப்பிள்ளை வீட்டார் தீர்மானிக்கும்போது அந்தப் பெருமை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. கந்தோரில் தினமும் அந்தப் படங்களைத்தான் வரைகிறேன். வாப்பாமார் வருவார்கள், கையில் மாப்பிள்ளை வீட்டார் சொன்ன பட்டியல் இருக்கும். வீட்டில் இருக்கப்போகிற பெண் அந்தக் கதிரையில் வந்து உட்கார்ந்ததை நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அவளும் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரத்தில் நான் கட்டிக்கொண்டிருந்தது என்னுடைய மிகப் பெரிய கிட். ஒன்றரைச் சாண் உயரம், இரண்டு மாடி, முன்னால் பல்கனி, சரிந்த கூரை. கூரையையும் மேல்மாடியையும் தனித்தனியாகக் கழற்றலாம். அப்போதுதான் உள்ளே வீரர்களை நிறுத்தி, அறைக்கு அறை சண்டை போடலாம். சுவருக்கு வெள்ளை, ஜன்னலுக்குப் பச்சை பூசி முடித்திருந்தேன். குண்டு துளைத்த ஓட்டைகளும் புகை பிடித்த கறையும்தான் மிச்சம். அவை கடைசி வேலை. முதலில் புத்தம் புதிய வீடாகக் கட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் உடைக்க வேண்டும்.

அந்த நிலையில் அது மேசையில் நிற்கும்போது மாப்பிள்ளை வீட்டார் வளவு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம். வாப்பாதான் தரகரை அனுப்பிக் கேட்டிருந்தார். வந்தவர்கள் மாப்பிள்ளையின் உம்மாவும் அவருடைய மூத்த மகளும். எங்கள் உம்மா என் கட்டர், பசை, அரம் எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, வீட்டை மட்டும் தூக்கப் பயந்து அதன்மேல் ஒரு மேசைவிரிப்பைப் போட்டு மூடியிருந்தார்.

நான் குசினியில் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது அப்படியே கேட்டது. முதலில் தூண்களைப் பற்றிக் கேட்டார்கள். வாப்பா இந்தப் போகம் நெல் வெட்டியதும் கூரை போடுவதாகச் சொன்னார். பிறகு விரிப்பு இழுபடும் சத்தம்.

"இது என்ன இது? அடேயப்பா. வீட்டுட மாதிரியா?" இது மாப்பிள்ளையின் உம்மா.



"இவ வீட்டுப் பிளேன் கீறுற கந்தோர்லதானே வேல. அதான் செஞ்சி பாத்திரிக்கா" என்றாள் மகள். "மாடியும் இரிக்கி உம்மா. இந்தா, பல்கனி."

நான் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது மாப்பிள்ளையின் உம்மா கூரையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மேல்மாடி அறைகளுக்குள் எட்டிப் பார்த்து, "இந்த அறைக்குக் கடல் காத்து நல்லா வரும்" என்றார். அவர் முகத்தில் பேராசை ஒன்றும் இல்லை. மருதமுனைக் கைத்தறிச் சாரியைத் தடவிப் பார்ப்பது போல அந்தச் சுவரைத் தடவினார். நான் பூசிய வெள்ளையை அவ்வளவு கவனமாக அதற்கு முன் யாரும் தொட்டதில்லை. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"அப்ப மாடியும் சேத்துத்தானா கட்டுறீங்க?" என்று அவர் வாப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

வாப்பா தகரக் கூரையைப் பார்த்தார். தூண்களைப் பார்த்தார். கம்பிகளைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

தட்டம் என் கையில் இருந்தது. வாய் என்னிடம்தான் இருந்தது. இஞ்சினியர்மாரோடு படம் பிழை என்று சண்டை பிடிக்கிற அதே வாய். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, அது முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பெண்ணின் மௌனம் சம்மதம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அன்றைக்கு நான் தேத்தண்ணீர் கொடுத்து, சம்மதித்து, திரும்பிப் போனேன். அதற்காக இன்றுவரை என்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

அவர்கள் போனதும் கேட்டேன்.

"என்னத்துக்கு வாப்பா ஓம் எண்டீங்க?"

"மறுகா என்ன சொல்ற? பொம்புளப் புள்ள சண்ட புடிச்சி வெளாடுற வீடு எண்டு சொல்லவா?"

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா எழும்பிப் போயிருப்பாங்க."

"போகட்டும்."

இரண்டு நாளில் தரகர் வந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு நல்ல திருப்தி, மாடி வேலை முடிந்ததும் கல்யாணக் காவின் எழுதலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான்காம் நாள் வாப்பா ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு இறக்காமத்துக்குப் போனார். வயலைக் காட்டுவதற்கு.

அந்த வயல்தான் எங்கள் சோறு. வாப்பாவுக்கு அது சோறு மட்டும் அல்ல. வீட்டில் இரண்டு வார்த்தை பேசுகிறவர் வயலைப் பற்றியென்றால் இருபது பேசுவார். யானை ஏறி மிதித்த வருடத்திலும், தண்ணீர் திறக்காத வருடத்திலும் விற்காத வயல். அதை விற்று, பிளாஸ்டிக் கிட்டில் இருந்த ஒரு மாடியைக் கொங்கிரீட்டில் கட்டப்போகிறார். அந்த மாடியை வரைந்தவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது. அவர் அதை வரைந்ததே இரண்டு படைகள் அடித்துக்கொண்டு சாவதற்கு.

திரும்பி வந்த வாப்பாவிடம், தரகரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். வாப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "எண்ட வாயால ஓம் எண்டுட்டன். இனி அத நான் திருப்பி எடுக்கமாட்டன். ஊரு சிரிக்கும்" என்றார். உம்மா என் கையைப் பிடித்து, அல்லாஹ்வுக்காகச் சும்மா இரு என்றார்.

சும்மா இருந்ததால்தானே இவ்வளவும்.

அடுத்த நாள் கந்தோருக்கு லீவு போட்டேன். வீட்டைக் கூடையில் வைத்து, சாய்ந்துவிடாமல் சுற்றிவரத் துணி அடைத்து, ஓட்டோ பிடித்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊரில் பெண் அப்படிப் போவதில்லை. கதவைத் திறந்த மூத்த மகள் என்னைப் பார்த்து, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். யாரும் வரவில்லை.

அது அந்த மகளின் வீடு. முன் ஹோல், மாபிள் நிலம், கண்ணாடி அலுமாரி எல்லாம் அவளுக்குக் கொடுத்தது. உம்மா பின்பக்கம் இருக்கிறார் என்றாள். குசினியைத் தாண்டிப் போனால் ஒரு சாய்ப்பு, அதில் ஒரு கட்டில், ஒரு கதிரை, சுருட்டி வைத்த தொழுகைப் பாய். மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அவரும் பின்னுக்குத்தான் வந்திருந்தார். மேலே அதே தகரம். எனக்கு ஒரு கணம் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. கதிரையில் கூடையை வைத்து, வீட்டைத் தூக்கிக் கட்டிலில் வைத்தேன்.

"மாமி, நீங்க பாத்த மாடி வீடு. கொண்டு வந்திரிக்கன்."

அவர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நாங்க கட்டப்போற வீட்டுட மாதிரி இல்ல. வெளாட்டுக்குச் செஞ்சது. சனிக்கிழமயில நானும் எண்ட சினேகிதியும் மேசையில போர் வெளாடுவம். இந்தக் கூர கழர்ற, உள்ளுக்குப் படையாக்கள வைக்கிறதுக்கு. கடல் காத்து வாறதுக்கு இல்ல. இன்னம் இதுல குண்டு பட்ட ஓட்ட போடயில்ல, அதான் உங்களுக்கு விளங்கல்ல."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் குரலில் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம்.

"நாங்க மாடி கேக்கல்ல புள்ள. ஒங்கட வாப்பாதான் ஓம் எண்டாரு."

"ஓம் மாமி. அவரு வெக்கத்துல சொன்னாரு. நான் பக்கத்துல நிண்டும் பேசாம இரிந்தன். அந்த ஓம் பொய். அதச் சொல்லத்தான் வந்தன். மாடிக்கு வாப்பா வயல விக்கப் போறாரு. நான் விக்க விடமாட்டன். எனக்கிட்ட எட்டுத் தூண் இரிக்கி, சம்பளம் இரிக்கி. அதுல என்ன வருமோ அதான் வீடு."

"ஒரு பொம்புளப் புள்ள வந்து கதைக்கிற கதையா இது?"

"எண்ட வீடு மாமி. நான் கதைக்காம ஆரு கதைக்கிற?"

அவர் கூரையைக் கழற்றி மறுபடியும் உள்ளே பார்த்தார். பிறகு அதை மெதுவாக, மூலைக்கு மூலை சரியாக, இருந்த இடத்தில் வைத்தார். "எங்கட வாப்பாவும் வயல வித்துத்தான் இந்த வீட்டுக்கு நிலம் போட்ட" என்றார். அதை என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா என்று தெரியவில்லை. தேத்தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு கிழமையில் தரகர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைக்கு வாய் கூடுதல், சரிவராது என்றார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சின்ன வயதில் என்னைத் தூக்கி வைத்துச் சொன்ன இதே ஊர்தான். அந்த உம்மா மாடி என்ற பேச்சையே யாரிடமும் எடுக்கவில்லை, வாப்பா பொய் சொன்னார் என்றும் எங்கும் சொல்லவில்லை. அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டவள். அவருடைய மகனை நான் கடைசி வரை பார்க்கவே இல்லை, பார்க்காத ஒருவருக்காக அழுவதற்கும் எனக்குத் தெரியாது. என் உம்மா அழுதார். அது எனக்கு வலித்தது.

வாப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கடைசியாகப் பேசியது, "ஒண்ட வாயால, வந்த மாப்பிள்ள போயிட்டாரு" என்பது. "வயல் போகல்லதானே" என்றேன். அதோடு சரி. விதைப்புக்கு இறக்காமம் போனார், வந்தார், சாப்பிட்டார். சோறு போதாவிட்டாலும் உம்மாவிடம்தான் கேட்பார்.

தரகர் வந்துபோன பிறகு வந்த சனிக்கிழமை நான் மேசை வீட்டுக்கு ஓட்டைகள் போட்டேன். சின்னத் துளைக்கருவியால் பல்கனிச் சுவரில் ஏழு, மேல்மாடி ஜன்னலைச் சுற்றி ஐந்து. மெழுகுதிரிக் கரியை விரலில் எடுத்துப் புகை பூசினேன். பாண்டிருப்பில் என் சினேகிதியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். "சரி, அப்ப அந்த வீட்டை நீ புடிச்சுக் காட்டு பாப்பம்" என்று மேல்மாடியில் தன் ஆட்களை ஏற்றினாள். நான் மூன்று முறை ஏறினேன், மூன்று முறையும் தோற்றேன். அஸர் பாங்கு என்னைக் காப்பாற்றியது.

பிறகு எட்டுத் தூணில் நான்கை மட்டும் எடுத்து நானே ஒரு படம் வரைந்தேன். ஒரு அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை, தட்டையான கூரை. அறையின் நடுவில் ஒரு பெரிய மேசை. மேசையை முதலில் வரைந்துவிட்டு, அதைச் சுற்றி நடக்க இடம் விட்டுத்தான் சுவரை வரைந்தேன். மேசன் வந்து கம்பியின் துருவைச் சுரண்டி, மண்ணைக் கழுவி (இந்த முறை நான் பக்கத்தில் நின்றேன்), நான்கு சுவரையும் எழுப்பினார். கூரைக்குக் கொங்கிரீட் தட்டு அடித்த நாள் வாப்பா வயலிலிருந்து வந்து, சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் நிலைக்கு மட்டம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மேசன் மேலேயிருந்து சத்தமாகக் கேட்டார். "ஹாஜியார், மாப்பிள்ள சரிவந்திட்டா? அவசரமாக் கூர போடுறீங்க."

"மாப்பிள்ள ஒண்டும் இல்ல" என்றார் வாப்பா.

"மாப்பிள்ள இல்லாம ஆருக்கு வீடு?"

வாப்பா என் பக்கம் திரும்பவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே, ஊருக்குச் சொல்வது போலக் கொஞ்சம் உரத்துச் சொன்னார்.

"வீடு அவட. அவ இரிப்பா."